தீர விசாரிப்பதே மெய்: செல்லுக்குள் நடந்த மூன்று வழக்குகள்

செல் படம் வரையாமல் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க முடியாது. நடுவில் உட்கரு. பக்கத்தில் அவரை விதை மாதிரி மைட்டோகாண்ட்ரியா. அடுக்கி வைத்த தோசை மாதிரி கோல்கை உறுப்பு. புள்ளி புள்ளியாக ரைபோசோம். தாவர செல் என்றால் வெளியே செல்சுவர், உள்ளே பசுங்கணிகம், பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய நுண்குமிழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் பெயர் எழுதினால் மார்க்.

அந்தக் கோட்டின் மறுமுனையில் இருக்கும் பொருள் நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று நாம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் மென்பொருள் ஆள். உயிரியலோடு என் உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் ஒரு சிஸ்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல், வெளியிலிருந்து கிடைக்கும் அரைகுறைத் தடயங்களை வைத்து ஊகிக்கிற வேலையை இருபது வருஷமாகச் செய்துவருகிறேன். அந்தக் கண்ணோடு செல்லியல் வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பெயர்க் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு கோர்ட் கேஸ் மாதிரி தெரிந்தது. சில வழக்குகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. ஒன்று 56 வருஷம் இழுத்தது. ஒன்றில் இல்லாத ஆளுக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் குறிப்பு அப்படி மூன்று வழக்குகளைப் பற்றியது.

அவித்த முட்டையும் பச்சை வளையமும்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். செல்லை அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீர், நிறமும் கிடையாது. அதனால் 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், திசுவை ரசாயனத்தில் போட்டுக் கொன்றார்கள். கெட்டிப்படுத்தினார்கள். மெல்லிய சீவலாக அறுத்தார்கள். அப்புறம் சாயம் ஏற்றினார்கள். இத்தனைக்கும் பிறகு தெரிவதைத்தான் வரைந்தார்கள்.

இதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு முட்டை போதும். பச்சை முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, அதை அவித்து வெட்டுகிறோம் என்று வையுங்கள். நடுவில் மஞ்சள் உருண்டை. சரி, மஞ்சள் கரு நிஜம். ஆனால் அது கெட்டியாக இருப்பது அவித்ததால் வந்தது. இன்னும் ஒன்று: அதிக நேரம் அவித்துவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றி மங்கலான பச்சை வளையம் ஒன்று தெரியும். எந்த முட்டையை அப்படி அவித்தாலும் அதே இடத்தில், அதே மாதிரி வரும். நூறு பேர் நூறு முட்டையில் பார்த்துச் சாட்சி சொல்லலாம். ஆனாலும் அது முட்டையில் இருந்ததில்லை, அடுப்பில் வந்தது.

செல்லுக்குள் பார்ப்பது மஞ்சள் கருவா, பச்சை வளையமா? செல்லியலில் நூறு ஆண்டுச் சண்டைகளில் பாதி இந்த ஒரே கேள்விதான்.

வழக்கு ஒன்று: பார்த்தார்கள், நம்பவில்லை

கமில்லோ கோல்கி 1843-ல் வட இத்தாலியில் பிறந்தவர். மருத்துவர். மிலானுக்கு அருகே அப்பியாத்தேகிராஸ்ஸோ என்ற சிற்றூரில், குணமாகாத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஆய்வுக்கூடம் கிடையாது. மருத்துவமனைக் குடியிருப்பின் சமையலறையையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். அங்கேதான் 1873-ல் தன் புகழ்பெற்ற சாயமுறையைக் கண்டுபிடித்தார். மூளைத் திசுவை முதலில் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைப்பது, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போடுவது. நூற்றில் ஒன்றிரண்டு நரம்புச் செல்கள் மட்டும் முழுக்கக் கருப்பாகத் தெரியும், மற்றவை நிறமில்லாமல் ஒதுங்கிவிடும். அடர்ந்த காட்டில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கருப்பு பெயின்ட் அடித்த மாதிரி. "கருப்பு வினை" என்றே அதற்குப் பெயர் வந்தது.

இந்த முறையை 1887-லிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் கஹால் கையிலெடுத்து, நரம்புகள் தனித்தனிச் செல்கள் என்று காட்டினார். கோல்கியோ கடைசி வரை நரம்பு மண்டலம் ஒரே தொடர்ச்சியான வலை என்றே சொன்னார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தபோது, அந்த மேடையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். அந்த விஷயத்தில் வரலாறு கஹால் பக்கம்.

நம் வழக்கு அதற்கு எட்டு வருஷம் முந்தையது. 1898 ஏப்ரலில் பாவியா நகரத்து மருத்துவர் சங்கத்தில் கோல்கி ஒரு புதிய விஷயத்தைச் சொன்னார். கூகையின் சிறுமூளைச் செல்களில், தன் சாயமுறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தியபோது, செல்லுக்கு உள்ளே, உட்கருவைச் சுற்றி, ஒரு வலை தெரிந்தது. செல்லின் விளிம்பைத் தொடாமல் தனியாக நின்றது. அதற்கு அவர் "உட்புற வலை உறுப்பு" என்று பெயர் வைத்தார்.

சந்தேகம் உடனே ஆரம்பித்தது. கோல்கியின் சாயம் பேர்போன அடம்பிடிக்கும் சாயம். இன்று வரும், நாளைக்கு வராது. ஒரு செல்லில் வரும், பக்கத்துச் செல்லில் வராது. படிவது உலோகம். வெள்ளி உப்பு எங்கேயோ சந்து கிடைத்த இடத்தில் படிந்து வலை மாதிரி தெரிகிறது, இதற்குப் போய் உறுப்பு என்று பெயரா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆதரவாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1902-ல் கோப்ஷ் என்பவர் வெள்ளிக்குப் பதில் ஆஸ்மியத்தில் திசுவை நாள்கணக்கில் ஊறவைத்து அதே மாதிரி வலையைக் காட்டினார். 1914-ல் கஹாலே யுரேனியம் நைட்ரேட்டும் வெள்ளியும் சேர்ந்த ஒரு முறையைக் கொண்டுவந்தார். கோழையைச் சுரக்கும் செல்களில் சுரப்புத் துளிகள் அந்த வலை இருக்கும் பகுதியில்தான் முதலில் தோன்றுகின்றன என்றும் கவனித்தார். 1923-ல் ரஷ்யாவின் நசோனோவ், இதன் வேலை சுரப்புதான் என்று எழுதினார். இன்றைக்குப் பார்த்தால் விடை அப்போதே மேஜையில் இருந்தது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை. உயிருள்ள செல்லில் அதைத் தெளிவாக யாராலும் காட்ட முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 1915 வாக்கிலேயே அமெரிக்காவில் லூயிஸ் தம்பதியினர் திசு வளர்ப்பில் உயிருள்ள செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா நெளிவதையும் பிரிவதையும் பார்த்துவிட்டார்கள். கோல்கியின் வலை மட்டும் செத்த செல்லில், உலோகம் ஏற்றினால்தான் வந்தது. தாவரச் செல்களில் நிலைமை இன்னும் மோசம். விலங்குச் செல்லில் உட்கருவுக்குப் பக்கத்தில் தெரிந்த மாதிரியான வலை அங்கே சிக்கவே இல்லை. தாவரத்துக்குக் கோல்கி உறுப்பு உண்டா இல்லையா என்பதே தனி வழக்காக ஓடியது.

இதற்குப் பின்னால் இருந்தது எளிய இயற்பியல். ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. கோல்கி உறுப்பின் ஒவ்வொரு தட்டின் தடிமனும் அதில் சிறு பங்குதான். அடுக்கு அடுக்காக இருப்பது ஒளியில் தெரியவே வாய்ப்பில்லை.

இனிதான் கதையின் திருப்பம். 1949-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இரண்டு பேர் கோல்கி உறுப்பைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். செல்லில் உள்ள கொழுப்புப் பொருள்கள் ரசாயனத்தோடு சேரும்போது தாமாகவே சுருண்டு, வளைந்து, வலை போன்ற உருவங்களாக ஆகும். கோல்கி பார்த்தது அதைத்தான். செல்லைப் பதப்படுத்தும்போது உண்டானது, செல்லில் இருந்ததில்லை. சுருக்கமாகச் சொன்னால், பச்சை வளையம்.

எழுதியவர்கள் யார்? ஆல்பர்ட் கிளாடு, ஜார்ஜ் பலாடே. நவீன செல்லியலின் தந்தைகள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் முதல் வரியில் வரும் பெயர்கள். செல்லை அரைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, பாகம் பாகமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தவர் கிளாடு. 1945-ல் ஒரு முழுச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலில் படம் பிடித்த குழுவிலும் அவர் இருந்தார். அப்படிப்பட்டவர்களே "இல்லை" என்று சொன்னால் வழக்கு முடிந்த மாதிரிதானே?

முடியவில்லை. அடுத்த நான்கைந்து வருஷத்தில் கருவிகள் தாவிவிட்டன. கண்ணாடியை உடைத்துச் செய்த கத்தியால் செல்லை மிக மெல்லிய சீவலாக அறுக்க முடிந்தது. 1952-ல் பலாடேயே, அமிலத்தன்மை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஆஸ்மியக் கரைசலைத் தயாரித்து, செல் சிதையாமல் பதப்படுத்த வழி செய்தார். 1954-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் டால்டன், மேரி ஃபெலிக்ஸ் இருவரும் எபிடிடிமிஸ், அதாவது விந்தகத்தை ஒட்டிய சுருள் குழாயின் செல்களை எடுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கோல்கி சொன்ன அதே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையான சவ்வுப் பைகள், ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள். அதோடு நிறுத்தவில்லை. செல்லுக்குள் இருக்கும்போது, செல்லை அரைத்த கூழில், கூழிலிருந்து தனியே பிரித்த பின், இந்த மூன்று நிலைகளிலும் அதே பொருளைத் தேடிப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சுவீடனின் ஷேஸ்ட்ராண்டும் ஹான்சோனும் கணையச் செல்லில் இதே அமைப்பைக் காட்டினார்கள்.

1898-லிருந்து 1954. கோல்கி 1926-லேயே இறந்துவிட்டார்.

படம் கிடைத்துவிட்டது. ஆனால் வேலை? இங்கேதான் பலாடே மறுபடி வருகிறார். 1960-களில் அவரும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப் பன்றியின் கணையத்தைச் சீவலாக எடுத்து, கதிரியக்க அமினோ அமிலத்தை மூன்றே நிமிடம் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். பிறகு சாதாரண அமினோ அமிலம். அந்த மூன்று நிமிடத்தில் உருவான புரதங்கள் மட்டும் கதிரியக்க முத்திரையோடு இருக்கும். எங்கள் தொழிலில் ஒரு கோரிக்கைக்கு அடையாள எண் ஒட்டிவிட்டு, அது எந்தெந்த சர்வர் வழியாகப் போகிறது என்று லாக்கில் தேடுவோமே, அதேதான். வெவ்வேறு நேரத்தில் செல்லை நிறுத்திப் பார்த்தார்கள். முதலில் முத்திரை எண்டோபிளாச வலைப்பின்னலில். சில நிமிடங்களில் கோல்கி பகுதியில். சுமார் இரண்டு மணி நேரத்தில் வெளியே போகத் தயாராக இருக்கும் சுரப்புத் துகள்களில்.

அப்படின்னா, 1949-ல் "இல்லை" என்று எழுதியவரே, அது செல்லின் போக்குவரத்துப் பாதையின் நடுவில் இருக்கும் ஜங்ஷன் என்று நிரூபித்தார். கிளாடு, பலாடே, கிறிஸ்டியன் டி டூவ் மூவருக்கும் 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1966-ல் மான்ட்ரியலில் நியூட்ராவும் லெப்லாங்கும் கதிரியக்கச் சர்க்கரையைக் கொடுத்து, கோழைச் செல்களில் புரதத்தோடு சர்க்கரையைக் கோப்பது கோல்கியில்தான் என்று காட்டினார்கள். தாவர வழக்கும் முடிவுக்கு வந்தது. தாவரச் செல்லில் அது ஒரே வலையாக இல்லாமல் செல் முழுக்கச் சிதறிய தனித்தனி அடுக்குகளாக இருக்கிறது. செல்சுவருக்கு வேண்டிய பெக்டின் போன்ற பொருள்களை உருவாக்கி அனுப்புவது அவைதான். ஒளி நுண்ணோக்கியில் தேடியவர்கள் விலங்கின் வலையைத் தாவரத்தில் தேடினார்கள், அதான் கிடைக்கவில்லை.

வழக்கு இரண்டு: பார்த்தார்கள், நம்பினார்கள், அது இல்லை

எந்தக் கருவி கோல்கியைக் காப்பாற்றியதோ, அதே எலக்ட்ரான் நுண்ணோக்கி அதே காலத்தில் இன்னொரு உறுப்பையும் காட்டியது.

1953-ல் சாப்மன், ஹில்லியர் என்ற இருவர் ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவை மெல்லிய சீவலாக அறுத்துப் பார்த்தபோது, செல்சவ்வை ஒட்டி உள்ளே சில உருண்டைகள் தெரிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பலரும் பார்த்தார்கள். செல்சவ்வே உள்நோக்கி மடிந்து, வெங்காயத் தோல் மாதிரி சுருண்ட ஒரு பை. 1960-ல் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் அதற்கு மீசோசோம் என்று பெயர் வைத்தார்.

கோல்கிக்குக் கிடைக்காத வரவேற்பு இதற்குக் கிடைத்தது. காரணம் எளிது. பாக்டீரியாவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அப்போ சுவாசம் எங்கே நடக்கிறது? மீசோசோமில் இருக்கலாம். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது நடுவே சுவர் எழுப்புவது யார்? மீசோசோம் அந்த இடத்தில்தானே இருக்கிறது. டிஎன்ஏ இரண்டு பிரதிகளாகி இரு பக்கமும் இழுபட ஒரு பிடிமானம் வேண்டுமே? பாரிஸில் பிரான்சுவா ஜாக்கோப், ஆன்டுவனெட் ரைட்டர் போன்ற பெரிய ஆட்களே, டிஎன்ஏ மீசோசோமோடு ஒட்டியிருப்பதாகப் படங்களிலிருந்து சொன்னார்கள். வேலைகள் ஏற்கெனவே காலியாக இருந்தன. ஆள் வந்ததும் எல்லா நாற்காலியிலும் அவரையே உட்கார வைத்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. மீசோசோமைத் தனியே பிரித்து ஆராய்ந்தால், சுவாச நொதிகள் அங்கே குவிந்திருப்பதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் ஒவ்வொரு விடை.

பிறகு உறைய வைக்கும் முறை வந்தது. ரசாயனத்தில் போட்டால் பாக்டீரியா நொடிகள், நிமிடங்கள் எடுத்துக்கொண்டு சாகிறது. அந்த நேரத்துக்குள் சவ்வு சுருண்டு, மடிந்து, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதி வேகமாக உறைய வைத்தால் அப்படிப் புரள நேரமே இல்லை. 1960-களின் இறுதியிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் நன்னிங்கா, ரசாயனம் போட்ட செல்லையும் போடாத செல்லையும் உறைய வைத்து ஒப்பிட்டார். போட்டதில் மீசோசோம் பெரிதாக, நடுவில். போடாததில் சிறிதாக, ஓரத்தில். 1976-ல் போர்ச்சுக்கலின் சில்வா குழு, பதப்படுத்தும் முறையை மாற்றினால் மீசோசோமின் எண்ணிக்கையும் அளவும் மாறுகிறது என்று காட்டி, இது நிஜமா போலியா என்று கேட்டது. 1983-ல் ஜாக் டுபோஷே குழு, பாக்டீரியாவை ரசாயனமோ சாயமோ இல்லாமல், நீர் பனிப்படிகமாக மாறாத வேகத்தில் உறைய வைத்து நேரடியாகப் பார்த்தது. மீசோசோம் இல்லை. அந்த உறைமுறைக்காகத்தான் டுபோஷேவுக்கு 2017-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சுவாசம் எங்கே நடக்கிறது? சாதாரணச் செல்சவ்விலேயே. தனி அறை எதுவும் தேவைப்படவில்லை.

அதற்காக மீசோசோம் பார்த்தவர்கள் கற்பனை செய்தார்கள் என்று அர்த்தமில்லை. சவ்வு நிஜமாகவே மடிகிறது. சில நுண்ணுயிர்க்கொல்லிகளால் அடிபட்ட பாக்டீரியாவிலும் இதே மாதிரி மடிப்புகளைப் பின்னாளில் பார்த்திருக்கிறார்கள். அது காயத்தின் அடையாளம். நலமாக இருக்கும் பாக்டீரியாவின் உறுப்பு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கு அடுத்த கோர்ட்டில் இன்னும் முடியவில்லை. நம் நாட்டு என்சிஇஆர்டி 11-ஆம் வகுப்பு உயிரியல் நூலில் மீசோசோம் ஒரு சிறப்புச் சவ்வு அமைப்பாகவே பாடமாக வந்திருக்கிறது. செல்சுவர் உருவாக்கம், டிஎன்ஏ இரட்டிப்பாதல், சுவாசம், சுரப்பு என்று 1960-களின் வேலைப் பட்டியல் அப்படியே இருக்கிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அதை மனப்பாடம் செய்தாக வேண்டும். மேல்படிப்புக்குப் போய் அதே பிள்ளை, அது இல்லை என்று படிக்க வேண்டும். படத்தை மட்டும் சொல்லிக் கொடுத்து, அதற்கான சாட்சியத்தைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இதுதான் நடக்கும். சாட்சி பல்டி அடித்த செய்தி பாடநூலுக்கு வந்து சேர்வதில்லை.

வழக்கு மூன்று: பார்க்கவே இல்லை, ஆனாலும் தெரிந்தது

மூன்றாவது வழக்கு இந்த இரண்டுக்கும் நேர் எதிர். 1949-ல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் டி டூவ் எலியின் கல்லீரலை வைத்துச் சர்க்கரை, இன்சுலின் தொடர்பான நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அமில பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதியையும் அளந்தார். கல்லீரலை மென்மையாக அரைத்தபோது அந்த நொதியின் செயல் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. சரி என்று மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்தால், முழு அளவும் இருக்கிறது!

புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. நொதி எங்கிருந்து வந்தது? முதல் நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு பைக்குள் பூட்டி இருந்திருக்கிறது. ஐந்து நாளில் பை கிழிந்து வெளியே வந்திருக்கிறது. இந்த ஒரு யோசனையிலிருந்து, அதே பைக்குள் செரிக்கும் நொதிகள் வேறு சிலவும் இருப்பதைக் கண்டு, 1955-ல் அதற்கு லைசோசோம் என்று பெயரே வைத்துவிட்டார். அதுவரை அதை யாரும் லைசோசோம் என்று அடையாளம் கண்டு பார்த்ததில்லை. அதன் பிறகுதான் அலெக்ஸ் நோவிக்காஃப் அவரோடு சேர்ந்து அந்தப் பிரிவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்தார்.

இதன் உறுதி எங்கே போய் நின்றது பாருங்கள். 1963-ல் டி டூவின் சகா ஹெர்ஸ், குழந்தைகளின் இதயத்தையும் தசையையும் பலவீனமாக்கும் போம்பே என்ற நோய்க்குக் காரணம் லைசோசோமில் ஒரே ஒரு நொதி இல்லாததுதான் என்று கண்டார். அந்த நொதியைத் தயாரித்து ரத்தத்தில் செலுத்தும் சிகிச்சை 2006-ல் அங்கீகாரம் பெற்றது. செலுத்தும் நொதி செல்லுக்குள் சரியான பைக்குப் போய்ச் சேர, அதன்மேல் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை முத்திரை இருக்க வேண்டும். லைசோசோமுக்குப் போகும் நொதிகளுக்கு அந்த முகவரிச் சீட்டை நம் உடலில் ஒட்டுவது எது தெரியுமா? கோல்கி உறுப்பு. வெள்ளிக் கசடு என்று ஒதுக்கப்பட்ட அதே உறுப்பு. சீட்டு ஒட்டும் வேலை பிசகினால் நொதிகள் லைசோசோமுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே போய்விடும், அதற்கும் தனியாக ஒரு கொடிய நோய் உண்டு.

அப்போ எதை நம்புவது?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். இந்த மூன்று வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீர விசாரிப்பது என்றால் என்ன என்பதற்கு விடை கிடைக்கிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பது விசாரணை ஆகாது. மீசோசோமை எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தன, ஏனென்றால் எல்லோரும் ஒரே மாதிரி பதப்படுத்தினார்கள். ஒரே அடுப்பில் நூறு முட்டை. வெவ்வேறு விதமாகத் தவறக்கூடிய முறைகள் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதுதான் விசாரணை. சாயம் ஏமாற்றலாம், மையவிலக்கு ஏமாற்றலாம், கதிரியக்க முத்திரை ஏமாற்றலாம். மூன்றும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பொய்யைச் சொல்வது கஷ்டம். கோல்கி அந்தச் சோதனையைத் தாண்டியது. மீசோசோம் முறை மாறியதுமே காணாமல் போனது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கோல்கி உறுப்பை ஏன் 56 வருஷம் சந்தேகித்தார்கள்? சாட்சியம் குறைவு என்பது ஒரு காரணம்தான். அதற்கு என்ன வேலை என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வேலை தெரியாத ஆளை "இல்லை" என்று சொல்வது சுலபம். மீசோசோமை ஏன் இருபது வருஷத்துக்கு மேல் நம்பினார்கள்? வேலைகள் தயாராகக் காத்திருந்தன. ஆள் தேவைப்பட்டதால் ஆள் இருக்கிறார் என்று நம்பினார்கள். நம் தேவைதான் இரண்டு இடத்திலும் தீர்ப்பை இழுத்தது. இது செல்லியலுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. கல்வெட்டு படிப்பவர், பழைய ஊர்ப்பெயருக்கு மூலம் தேடுபவர், சாப்ட்வேரில் பிழை தேடுபவர், எல்லோருக்கும் உண்டு. நமக்கு வசதியான விடை கிடைத்த கணம்தான் இன்னொரு முறையில் சோதிக்க வேண்டிய கணம்.

பலாடே விஷயத்தில் என்னைக் கவர்ந்ததும் இதுதான். 1949-ல் அவர் எழுதியது அன்றைய சாட்சியத்துக்கு நேர்மையான முடிவு. நல்ல கருவி வந்ததும், தன் பழைய தீர்ப்புக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்காமல், அந்த உறுப்பின் வேலையையே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

வீட்டில் படிக்கிற பிள்ளை செல் படத்துக்குக் கோடு இழுக்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வேறொரு வழியில் பார்த்தாலும் இது தெரியுமா? விடை புத்தகத்தில் இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். மீசோசோமுக்கு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டாலே போதும்.